தொழிலுக்குப் போனவன்

பேப்பரை தேசிங்குதான் கொண்டுவந்தான். பொன்னேரியில் வாங்கியது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். வேர்வையில் ஓரம் ஊறிப் போயிருந்தது.

ஏரிக்கரையில், வலை காயப்போடும் மணலில் ஊர்க்கூட்டம். சாயங்காலம். வாடைக்காற்று ஆரம்பித்திருந்தது. முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். நடுவில் நாட்டார். எங்கள் பக்கம் ஊர்த்தலைவரை அப்படித்தான் சொல்வோம். எனக்கு மாமா முறை.

“படி,” என்றார் நாட்டார்.

தேசிங்கு எழுத்துக் கூட்டிப் படித்தான். “பழவேற்காடு மீனவ இளைஞர் ஏகாம்பரம் தொழில்முறை குத்துச்சண்டையில் இறங்கினார்.”

“இன்னொரு தரம் படி.”

படித்தான்.

“இன்னா மொறை?”

“தொழில்மொறை.”

நாட்டார் என் பக்கம் திரும்பினார். “ஏகா, நீ வேற தொழிலுக்குப் பூட்டியா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பேப்பரில் பேர் வந்ததற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

“தொழில்னு கொட்டை எழுத்துல போட்டுக்கீறான் மாமா. நானா சொல்லல,” என்றான் தேசிங்கு.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லை லேசில் எடுக்க மாட்டோம். தொழிலுக்குப் போயிருக்கிறான் என்றால் தண்ணீரில் இறங்கியிருக்கிறான் என்று அர்த்தம். கடைக்குப் போவது வேலை. ஆபீசுக்குப் போவது உத்தியோகம். ஒருத்தனுக்கு வேறு தொழில் என்று சொல்லிவிட்டால், அவன் தண்ணீரை விட்டவன்.

பேப்பர்க்காரருக்கு இது எப்படித் தெரியும்? அவர் நல்லதாகத்தான் எழுதினார்.

பாடு

எங்கள் ஏரியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஏரி பெரிசு. இறால் நடமாடுகிற இடம் கொஞ்சம். முகத்துவாரத்தை ஒட்டி நாலைந்து இடம்தான். அங்கே கழி நட்டு, சுற்றி வலை கட்டவேண்டும். எல்லோரும் ஒரே நாளில் கட்டினால் மண்டை உடையும். அதனால் முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு நீ, நாளைக்கு நான். அதற்குப் பெயர் பாடு. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று வருசத்துக்கு ஒரு தரம் கோயிலில் சீட்டுப் போட்டு எடுப்போம்.

சீட்டில் பேர் இருந்தால் ஊரில் ஆள். இல்லையென்றால் கரையோரச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்க வேண்டியதுதான்.

தகப்பனுக்கு அறுபது ஆனால் அவர் பேரை எடுத்துவிட்டு மகன் பேரை ஏற்றுவார்கள். மகன் ஊரில் இல்லாத நாளில் அவன் பேரில் தகப்பன் வலை கட்டலாம். அதில் தப்பில்லை.

நைனா அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தார். பேர் என்னுடையது. தண்ணீரில் இறங்கினது அவர். நான் கேம்பு, போட்டி என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன்.

வேறு தொழிலுக்குப் போனவனுக்குப் பாடு கிடையாது. அதுவும் ஊர்க் கட்டுதான். துறைமுகத்துக்கு வேலைக்குப் போன இரண்டு பேரை அப்படி எடுத்தார்கள். டீக்கடை வைத்த ஒருவருக்கு மட்டும் இரண்டு நாள் பேச்சு நடந்தது. டீ போடுவது அவர் பெண்சாதி, அவர் கிளாஸ் கழுவுவதோடு சரி என்று கடைசியில் தெரிந்தது. பேர் தப்பித்தது.

என் பேர் போனால் நைனாவின் வலை கரையில் கிடக்கும். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். நைனா கடைசியில், வலைக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சீட்டில் பேர் இல்லாதவர் கூட்டத்தில் பேச முடியாது. கையில் ஒரு பனை நாரை வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

கடைசி எலும்பு

அதுவரை ஊருக்கு நான் விளையாட்டுக்காரன். ராயபுரத்தில் குத்துச்சண்டை பழகப் போய்ச் சேர்ந்த கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். ஏழு வருசம் அமெச்சூர். மாநிலத்தில் மூன்று தரம் தங்கம் வாங்கினேன். வெளி மாநிலத்தில் ஒரு வெள்ளி.

முதல் மெடலை ஊருக்குக் கொண்டுவந்தபோது தேசிங்கு அதைக் கையில் வாங்கி எடை பார்த்தான். அவன் எனக்கு மச்சான் முறை. அந்த முறைக்கு உண்டான வாய்.

“இதுல ஓட்டை போட்டு வலை முங்கறதுக்குக் கட்டலாமா மச்சான்? ஈயம் பத்தல.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு வேறு எதோடு ஒப்பிடத் தெரியும்?

ராயபுரத்து மாஸ்டர் ஒரு நாள், “கடைசி விலாவுக்குக் கீழ குத்துடா, மூச்சு நிக்கும்,” என்றார்.

“கடைசி விலா எங்க இருக்கு மாஸ்டர்?”

“கீழ இருக்கும். போயேன்.”

எனக்கு அது போதவில்லை. லீவுக்கு ஊருக்கு வந்தபோது டச்சுக்காரர் கல்லறைக்குப் போனேன். எங்கள் கடைத்தெரு பக்கத்தில்தான் இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அந்தப் பக்கமே போகமாட்டேன். அன்றைக்கு அரை மணி நேரம் அதன் முன்னால் நின்று விலா எண்ணினேன். ஒரு பக்கம் எண்ணினது மறுபக்கம் சரியாக வரவில்லை. கல் தேய்ந்து போயிருந்தது.

காவல்காரர் வந்து பின்னால் நின்றார். “இன்னாபா, எலும்புக்கூட்ட மொறைக்கிற?”

“கடைசி எலும்பத் தேடறேண்ணே.”

“அதுக்கு எதுக்கு வெள்ளக்காரனுத எண்ற? உன்னுது இருக்குல்ல, அத எண்ணு.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. சட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே எண்ணினேன். அவரும் நின்று பார்த்தார். கடைசி எலும்பு முன்னால் எதோடும் சேரவில்லை. அந்தரத்தில் நின்றது. தொட்டாலே கூசியது.

அதற்குப் பிறகு நான் ஜெயித்த சண்டையில் பாதி அந்த எலும்புக்குக் கீழேதான் ஜெயித்தேன்.

கையெழுத்து

அமெச்சூருக்கும் தொழில்முறைக்கும் என்ன வித்தியாசம் என்று சேலத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அமெச்சூரில் பனியன் உண்டு. தலைக்கு ஹெட்கார்டு உண்டு. கிளவுஸ் தலையணை மாதிரி. மூன்று ரவுண்டு. தொழில்முறையில் பனியன் இல்லை, ஹெட்கார்டு இல்லை. கிளவுஸ் சின்னது, உள்ளே நம் விரல் முட்டி நமக்கே தெரியும். புதுசாக வருகிறவனுக்கு நாலு ரவுண்டு. அப்புறம் ஆறு, எட்டு என்று ஏறும்.

மெடல் வாங்கினால் அரசாங்க வேலை வரும் என்று சொன்னார்கள். இரண்டு தரம் பேர் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். வரவில்லை. சென்னையில் தொழில்முறைச் சண்டை நடத்துகிறவர் ஒருவர் என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார்.

மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. “அங்க ஒரு தரம் ஏறிட்டா இங்க திரும்ப சேக்க மாட்டாங்க. தெரியுமா?”

“தெரியும் மாஸ்டர்.”

“அப்புறம் எதுக்குடா?”

“நாலாவது ரவுண்டு எப்படி இருக்கும்னு பாக்கணும்.”

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். “இத்த வெளிய யார்கிட்டயும் சொல்லாத. லூசுன்னுவாங்க.”

நிஜமாகவே எனக்கு அதுதான். மூன்றாவது ரவுண்டு முடியும்போதெல்லாம் எனக்குள் ஏதோ மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கும். அது எவ்வளவு என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது?

கையெழுத்துப் போட்டேன்.

எட்டு

முதல் சண்டையில் எனக்கு எதிரில் நின்றவர் சூலூர்பேட்டைக்காரர். பேர் ரமணய்யா. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். காதோரம் நரை. தொப்பை கூட லேசாக இருந்தது. ரிங்கில் ஏறி நின்றதும் மாஸ்டர் காதில் சொன்னார்: “தொப்பையப் பாத்து ஏமாறாத.” கோபம் இருந்தாலும் அவர்தான் வாளி தூக்கிக்கொண்டு வந்தார்.

பனியன் இல்லாமல் நிற்பது கூச்சமாக இருந்தது. ஏரியில் பிறந்தவனுக்கு வெற்று உடம்பு புதுசா? ஆனாலும் இருந்தது. மேலே விளக்குச் சூடு தோளில் பட்டது. ஹெட்கார்டு இல்லாததால் காதில் காற்று போனது.

இரண்டாவது ரவுண்டில் அவருடைய கடைசி விலாவுக்குக் கீழே என் இடது கை இறங்கியது. நல்ல அடி. அவர் குனிந்தார். இரண்டு கையும் இடுப்புக்கு வந்துவிட்டது. வாய் திறந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை.

நான் ஒரு அடி பின்னால் வைத்து, ஒதுங்கி நின்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். அமெச்சூரில் ஒருவன் கலங்கினால், விழாமல் நின்றாலும், ரெஃப்ரி நடுவில் வந்து எட்டு வரை எண்ணுவார். அடித்தவன் ஒதுங்கி நிற்கவேண்டும். நாங்கள் ஆடின தொழில்முறையில் அது கிடையாது. விழுந்தால்தான் எண்ணிக்கை. மாஸ்டர் இதைப் பத்து தரம் சொல்லியிருந்தார். எனக்கும் தெரியும். காலுக்குத் தெரியவில்லை.

ஏழு வருசப் பழக்கம். அதற்கும் முன்னால் ஏரியில் இருந்த பழக்கம். ஒருத்தன் வலையை இழுத்து முடிக்கிறவரை அடுத்தவன் தள்ளித்தான் நிற்பான். அவன் பாடு அது. எங்கள் ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் அங்கே நின்றிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

ரெஃப்ரி வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என்ன எதிர்பார்க்கிறான் இவன் என்று அவருக்குப் புரியவில்லை.

அதற்குள் ரமணய்யா மூச்சு விட்டுவிட்டார். வலது கை வந்தது. தாடையில் பட்டதைப் பார்க்கவில்லை. பார்த்தது கூரையில் இருந்த இரும்புக் கம்பி. அதில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது.

இப்போது எண்ணினார்கள். எனக்கு. ஏழில் எழுந்தேன்.

மூன்றாவது ரவுண்டு எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அது முடிந்து பெல் அடித்ததும் உடம்பு வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. முடிந்தது என்று அதற்குத் தோன்றிவிட்டது. கிளவுஸ் கயிற்றைப் பல்லால் கடித்தேன். மாஸ்டர் கையைத் தட்டிவிட்டு மூஞ்சியில் தண்ணீர் அடித்தார். “நீ கேட்டதுடா. போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தேன்.

நாலாவது ரவுண்டில் கை என்னுடையதாக இல்லை. தூக்கச் சொன்னால் கொஞ்சம் கழித்துத் தூக்கியது. ஆனால் காது மட்டும் நன்றாகக் கேட்டது. முன் வரிசையில் யாரோ வேர்க்கடலை உடைக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. ரமணய்யாவின் கால் இழுபடுகிற சத்தம் கேட்டது. அவருக்கும் ஒன்றும் மிச்சம் இல்லை. இரண்டு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து நின்று குத்தினோம். விழாமல் இருந்ததே அதனால்தான்.

பாயிண்டில் தோற்றேன்.

பொத்தான்

இரண்டு பேருக்கும் ஒரே அறைதான் கொடுத்திருந்தார்கள். ரமணய்யா பெஞ்சில் உட்கார்ந்து சட்டை போட்டுக்கொண்டிருந்தார். வலது கை வீங்கிப் பொத்தான் போட முடியவில்லை. என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய்ப் போட்டுவிட்டேன். என் விரலும் சொன்னபடி கேட்கவில்லை. நேரம் ஆனது.

“ஏம்பா, ரெண்டாவதுல ஏன் நின்ன?” தமிழை அவர் தெலுங்கு மாதிரி பேசினார். “நான் பூட்டேன்னே நெனச்சேன். இன்னொண்ணு போட்டிருந்தா அங்கயே படுத்திருப்பேன்.”

“ரெஃப்ரி எட்டு எண்ணுவாருன்னு நின்னுட்டேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. விலா வலித்து, பிடித்துக்கொண்டார். “இக்கட எவருப்பா எண்ணுவாங்க? இங்க யாரும் நமக்காக எண்ண மாட்டாங்க.”

“வலிக்குதாண்ணா?”

“வலிக்குது.”

“அடுத்தது எப்போ?”

“இந்த மாசமே ஒண்ணு இருக்குது. நெல்லூர்ல.”

“இந்தக் கையோடயா?”

“அதுக்குன்னு போவாம இருக்க முடியுமா?”

இதே வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். வாடை அடிக்கிற மாதத்தில், காலில் திருக்கை முள் குத்தி வீங்கிக் கிடந்தபோது நைனா சொன்னது. சொல்லிவிட்டு காலில் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்.

கடைசிப் பொத்தானைப் போட்டேன். ரமணய்யா பையை இடது கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஒரு வார்த்தை

கூட்டத்துக்கு வருகிறேன்.

அன்று காலையிலேயே என் பெண்சாதி செல்விக்கு யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். இறால் ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “எது கேட்டாலும் வெளையாட்டுன்னு சொல்லிட்டு வா. வேற ஒண்ணும் பேசாத.” நான் எதைப் பற்றிச் சொல்கிறாள் என்று கூடக் கேட்கவில்லை.

மணலில் பேச்சு சூடாகிவிட்டது.

“அடி வாங்கறது ஒரு தொழிலா?” என்றான் தேசிங்கு. “அப்படிப் பாத்தா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் வேற தொழில்லதான் கீறேன். என் பேரையும் எடுங்க.”

சிரித்தார்கள். அவன் எனக்காகத்தான் பேசினான். பேப்பரைக் கொண்டுவந்ததில் இப்படி ஆகும் என்று அவனும் நினைக்கவில்லை.

நாட்டார் சிரிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“ஒடம்பு சரியில்லன்னா போவாம இருக்கலாமா?”

“இருக்கலாம் மாமா. அடுத்த தரம் கூப்பிட மாட்டாங்க.”

“தோத்துட்டா?”

“மறுபடியும் போவணும்.”

“எதிராளி மேல உனக்கு ஏதாச்சும் கோவமா?”

“இல்ல மாமா. அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டேன்.”

இது யாருக்கும் புரியவில்லை. நாட்டார் மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இதப் பாரு ஏகா. பேப்பர்க்காரன் ஆயிரம் எழுதுவான். நமக்கு அவன் முக்கியம் இல்ல. நீ உன் வாயால வெளையாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் பேரு இருக்கும். எழுந்து போயிடலாம்.”

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நைனா பார்க்கவில்லை. நார் கிழிகிற சத்தம் மட்டும் வந்தது.

ஒரு வார்த்தைதான். ஏழு வருசம் நானே சொன்ன வார்த்தை. அதைச் சொன்னால் நைனா அடுத்த வாரமும் முகத்துவாரத்தில் கழி நடுவார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

வரவில்லை. ஏன் என்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. விளையாட்டு என்று சொன்னால் ரமணய்யா அந்தக் கையோடு நெல்லூருக்கு எதற்குப் போகிறார்?

“தொழில்தான் மாமா.”

“யோசிச்சு சொல்லு.”

“யோசிச்சிட்டேன்.”

தேசிங்குதான் முதலில் எழுந்தான். கிண்டல் எல்லாம் போய்விட்டது. “டேய், உனக்குப் புத்தி கித்தி இருக்கா? உன் நைனா இன்னா பண்ணுவாரு? அத யோசிச்சியா?”

நாட்டார் கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார். “கேட்டோம், சொல்லிட்டான். அவன் வாயால சொன்னதுக்கு மேல நாம இன்னா பண்றது? பேர எடுத்துடலாம்.”

நைனா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மணலில் தனியாக நடந்து போனார்.

சேறு

மறுநாள் அவர் வலையை மடித்துப் பரணில் போட்டார். யாரிடமும் கூலிக்குப் போகவில்லை. கரையோரம் தடவப் போனார். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கவேண்டும். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பிடித்ததை அதில் போடுவார்கள். முகத்துவாரத்தில் வலை கட்டினவர் செய்கிற காரியம் இல்லை அது. அவர் செய்தார்.

என்னிடம் பேசவில்லை. செல்வியிடம் பேசினார். சோறு போடச் சொன்னார், தண்ணீர் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தால் அதையும் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் போனது. நான் காலையில் பழைய டச்சுக் கோட்டை மேட்டைச் சுற்றி ஓடும்போது தண்ணீரில் அவர் தலை தெரியும். குனிந்த முதுகு தெரியும். ஓடிக்கொண்டேதான் பார்ப்பேன்.

இரண்டாவது சண்டைக்கு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கரையை ஒட்டி ஒத்தையடிப் பாதை. எதிரில் நைனா வந்தார். கரையேறி நேராக வருகிறார். வேட்டி சொட்டிக்கொண்டிருந்தது. பறி இன்னும் பல்லில் இருந்தது. உள்ளே இறால் துள்ளுகிற சத்தம் கேட்டது.

அமெச்சூரில் இருந்த காலம் எல்லாம் நான் பையோடு கிளம்பினால் அவர் கேட்பார். “எங்கடா?” என்பார். தெரிந்தே கேட்பார். ராயபுரம் என்பேன், திருச்சி என்பேன். “உம்” என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

எங்கள் ஊரில் தொழிலுக்குக் கிளம்புகிறவனை மட்டும் அப்படிக் கேட்கமாட்டோம். எங்கே என்று கேட்டால் அன்றைக்கு வலை காலி. எதிரில் வருகிறவர் பேசாமல் வழியை விட்டு இறங்கி நிற்பார். தெரியாமல் கேட்டுவிட்ட சின்னப் பிள்ளைகள் உதை வாங்கியிருக்கிறார்கள்.

நைனா நின்றார். பறியை வாயிலிருந்து எடுத்தார். பல் பதிந்த இடத்தில் ஓலை நசுங்கியிருந்தது. என் பையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். அவர் வாய் லேசாகத் திறந்தது.

அப்புறம் மூடிக்கொண்டார்.

பாதையை விட்டு இறங்கி, சேற்றில் ஒதுங்கி நின்றார்.

நான் அவரைத் தாண்டிப் போனேன்.